வறண்ட காடும் பொது நீரும்

கணபதியிலிருந்து சத்தியமங்கலம் சாலையில் வடக்கே செல்வோர் சரவணம்பட்டியைக் கடந்து கோவில்பாளையம், அன்னூர் என்று போகப்போக, வாய்க்கால் பாசனம் இல்லாத பூமியில் நடக்கிறோம் என்பதை உணர்வர். இருபுறமும் புன்செய்க் காடுகள். இடையிடையே கிணற்றுப் பாசனத் தோட்டங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையில் பெரும் பங்கைத் தன்னிடமே நிறுத்திக்கொள்வதால், இப்பகுதி மழை மறைவில் கிடக்கிறது. கோவையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 670 மி.மீ. அதில் சுமார் பாதி வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. ஆனால் வெயிலும் காற்றும் ஓராண்டில் மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் உறிஞ்சக்கூடிய நீரின் அளவோ இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பெய்யும் மழை இந்த உறிஞ்சும் அளவில் நூற்றுக்கு 65 பங்குக்குக் கீழே இருந்தால், அந்நிலத்தை வறள் நில வகையில் சேர்ப்பது உலக வழக்கு. பாலைவனம் மட்டுமே வறள் நிலம் என்று எண்ணியிருப்போர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நம் காடுகளும் அந்தக் கணக்கில் வருபவையே.

இத்தகைய நிலங்களைத் தனித்தனியே காப்பாற்ற முடியாது என்பதை உலக நாடுகள் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. ஆப்பிரிக்காவில் சகாராப் பாலைவனத்தின் தென் விளிம்பிலுள்ள சாகேல் நாடுகள், 1968-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த பெரும் வறட்சியில் கால்நடைகளையும் மக்களையும் இழந்தபின், 1973-இல் தமக்குள் ஒரு கூட்டுக் குழு அமைத்தன. 1994 ஜூன் 17 அன்று நிலம் பாலையாவதைத் தடுக்கும் ஐ.நா. உடன்படிக்கை பாரீசில் ஏற்கப்பட்டது. இந்தியா 1996 டிசம்பரில் அதை உறுதி செய்தது. அவ்வுடன்படிக்கை நாடுகளை வட்டாரம் வட்டாரமாகக் கூடிச் செயல்படும்படி கேட்கிறது. காரணம் எளிது. காற்றடித்துப் போகும் மண்ணும், ஓடும் நீரும், மேயும் ஆடுமாடும் எல்லைக்கல்லைப் பார்ப்பதில்லை. நாடுகளுக்குச் சொல்லப்பட்ட இந்தச் செய்தி நம் ஊர்களுக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரே பள்ளத்தின் ஊர்கள்

எடுத்துக்காட்டுக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. குருடி மலை அடிவாரத்தில் தோன்றும் கௌசிகா நதி இடிகரை, அத்திப்பாளையம், கோவில்பாளையம், தெக்கலூர் வழியாக ஏறக்குறைய 50 கி.மீ. ஓடி, வஞ்சிபாளையம் அருகே நொய்யலில் சேர்கிறது. நதி என்று பெயர் இருந்தாலும் இது மழை பெய்தால் மட்டும் ஓடும் பள்ளம். தொடக்கம் கோவை மாவட்டத்தில். முடிவு திருப்பூர் மாவட்டத்தில். வழியிலுள்ள குளங்களும் குட்டைகளும் ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்ததை நிரப்ப வேண்டும் என்பதே பழைய ஏற்பாடு.

மேலேயுள்ள ஊர் தன் எல்லைக்குள் பள்ளத்தின் குறுக்கே தடுப்பணை மேல் தடுப்பணையாகக் கட்டிக்கொண்டால், அந்த ஊருக்கு அது நீர்ச் சேமிப்பு. கீழே தெக்கலூர்ப் பக்கத்து உழவருக்கோ அது நீர்ப் பறிப்பு. நடுவிலுள்ள ஊரில் பள்ளத்தை மண்ணடித்து மனையாக்கினால், மேலுள்ள ஊரில் நீர் தேங்கிப் பயிர் அழுகும். கீழுள்ள குளம் காயும். கணபதி மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துடியலூர்ப் பக்கமிருந்து வந்து சிங்காநல்லூர்க் குளத்தை நோக்கிச் செல்லும் சங்கனூர்ப் பள்ளம் ஒரு காலத்தில் மழைநீர் ஓடிய வழி. கரையில் வீடுகள் நெருங்கி, கழிவுநீர் கலந்து, அது சாக்கடை என்ற பெயரைப் பெற்றுவிட்டது. கௌசிகாவின் ஊர்களுக்கு அந்த நிலை முழுமையாக வந்துவிடவில்லை என்பதாலேயே இப்போது பேசுவதில் பயன் உண்டு.

பாறைக்குள் எவ்வளவு நீர்?

கொங்கு நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை மேல் அமைந்தது. மேலே சில அடி மண்; அதன்கீழ் உதிரும் பாறை. நல்ல கிணறுகள் இந்த உதிர்பாறை அடுக்கிலேயே ஊறின. அதற்கும் கீழே உள்ள உறுதியான பாறையில் வெடிப்புகளில் மட்டும் நீர் நிற்கும். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. அதன்பின் கணபதி, பீளமேடு வட்டாரத்துப் பட்டறைகளில் உருவான மோட்டாரும் பம்பும் கமலைக்கு ஓய்வு கொடுத்தன. கிணறுகள் ஆழமாயின; பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. ஒரு பண்ணையில் ஆயிரம் அடி துளையிட்டால், அது புதிய நீரைக் கண்டுபிடிப்பதாக எண்ணுகிறோம். பல இடங்களில் நடப்பது வேறு. மேலடுக்கிலும் அக்கம்பக்கத்து வெடிப்புகளிலும் உள்ள நீர் வடிந்து அந்த ஆழத்துக்கு இறங்குகிறது. அண்டைத் தோட்டத்துக் கிணறு காய்கிறது. அவரும் துளையிடுகிறார். கடன் இருவருக்கும் ஏறுகிறது. நீர் இருவருக்கும் கூடுவதில்லை.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் பரப்பில் ஓரங்குல மழை பெய்தால் அது ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர். ஆண்டுக்கு 600 மி.மீ. மழை என்று கொண்டால் ஏக்கருக்கு 24 லட்சம் லிட்டர். இதில் பெரும்பகுதி ஆவியாகவும், பயிரின் வழியாகவும், வழிந்தோடியும் போய்விடும். கடும்பாறைப் பகுதியில் நிலத்தடிக்கு இறங்குவது சுமார் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.4 லட்சம் லிட்டர் எனக் கணக்கிடலாம்.

இப்போது ஓர் ஏக்கர் வாழையைப் பாருங்கள். பயிர்க் காலம் முழுவதற்கும் அதன் நீர்த் தேவை சுமார் 1,800 மி.மீ., அதாவது 72 லட்சம் லிட்டருக்கு மேல். பயனுள்ள மழையாக 14 லட்சம் லிட்டர் கிடைத்தாலும் மீதி 58 லட்சம் லிட்டர் கிணற்றிலிருந்து வரவேண்டும். 24 ஏக்கரில் ஓராண்டில் பாறைக்குள் இறங்கும் நீர் அது! பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி மீண்டும் கீழே இறங்கும் என்று கழித்துப் பார்த்தாலும் 15 ஏக்கருக்குக் குறையாது. ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் உழவர் ஒரு ஏக்கர் வாழை வைத்தால், தம்முடைய நீரோடு அக்கம்பக்கத்தார் நீரையும் சேர்த்தே பயன்படுத்துகிறார். இதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. சந்தை விலை அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது. ஆனால் இக்கணக்கு அவருக்கும் அண்டையாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சொட்டுநீர்ப் பாசனம் தேவையைக் கணிசமாகக் குறைக்கும். அதற்கு மானியமும் உண்டு. எனினும் மிச்சமான நீரைக் கொண்டு மேலும் ஒரு ஏக்கர் வாழை வைத்துவிட்டால் நிலத்தடி நீருக்கு ஒரு சொட்டும் மிஞ்சாது. அலுவலர்கள் கூட இதைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அத்திக்கடவு நீரின் கணக்கு

அறுபதாண்டுக் காலக் கோரிக்கைக்குப் பின் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறம் உபரியாகச் செல்லும் நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. அளவை, ஆறு நீரேற்று நிலையங்கள் மூலம் மேலேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களிலுள்ள 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே கொண்டு சேர்ப்பது இத்திட்டம். விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாட்கள் எடுப்பது என்பது வரையறை. செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். பயன்பெறும் நிலம் 24,468 ஏக்கர். அன்னூர் வட்டாரத்துக் குட்டைகள் பலவும் இதில் அடங்கும்.

இந்நீர் வந்ததும் சில இடங்களில் கரும்பும் வாழையும் பற்றிய பேச்சு எழுந்துள்ளது. ஆகவே இதற்கும் கணக்குப் பார்ப்பது நல்லது. 1.5 டி.எம்.சி. என்பது சுமார் 4,250 கோடி லிட்டர். 1,045 நீர்நிலைகளுக்குச் சராசரியாகப் பிரித்தால் ஒன்றுக்கு 4 கோடி லிட்டர் வரும். 24,468 ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு சுமார் 17 லட்சம் லிட்டர். வயலில் நிறுத்தினால் 430 மி.மீ. உயரம். இது ஒரு சோளப் பயிரின் தேவைக்குச் சரியாக வரும் அளவு. குளத்தில் நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று குறைவாகவே வைத்தாலும் 100 நாளில் அரை மீட்டர் நீர் மேலே போய்விடும். அதைக் கழித்தால் உளுந்து, தட்டைப்பயறு போன்ற பயறு வகைகளுக்கே போதுமானதாக இருக்கும். மேலும் இது பவானியில் உபரி ஓடும் ஆண்டின் கணக்கு. உபரி இல்லாத ஆண்டில் குழாயில் வருவதற்கு நீர் இராது.

எனவே இத்திட்டத்தை மழையோடு வந்து சேரும் இன்னொரு மழை என்றே கொள்ள வேண்டும்; வாய்க்கால் பாசனம் என்று கொள்ளக் கூடாது. குளத்தில் நிறுத்தி நிலத்துக்குள் இறக்குவதே அதன் நோக்கம். உதிர்பாறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு இடமே நீர் நிற்கக் கூடியது என்று வைத்துக்கொண்டால், ஓரங்குல நீர் கீழே இறங்கினால் கிணற்றில் நாலடி ஏறும். கேட்பதற்கு இனிமையான கணக்கு! ஆனால் அதே கணக்கின்படி, ஓரங்குல நீரை இறைத்தால் நாலடி இறங்கவும் செய்யும். குளத்தை ஒட்டிய பத்துத் தோட்டங்கள் புதிதாக ஆழ்துளை போட்டு இரவு பகலாக இறைத்தால், அரசு மேலேற்றிக் கொணர்ந்த நீர் அந்தப் பத்துத் தோட்டங்களிலேயே முடிந்துவிடும்.

நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தமிழகத்தில் 2003-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வராமலே 2013-இல் அது நீக்கப்பட்டது. ஆகவே ஊரார் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாட்டையே முதலில் நம்ப வேண்டியிருக்கிறது.

பங்கிட்டுக் கொண்டவர்கள்

பற்றாக்குறையைப் பங்கிட்டுக் கொள்வது கோவை உழவர்க்குப் புதிதன்று. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தைப் பாருங்கள். மேற்கே ஓடும் ஆறுகளின் நீரைக் கிழக்கே திருப்ப, தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29 அன்று ஒப்பந்தம் செய்துகொண்டன. 1958 நவம்பர் 9 முதல் செயலுக்கு வந்ததாக அது கொள்ளப்பட்டது. மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் விடவேண்டும் என்பது அதன் ஒரு கூறு. இந்தப் பக்கம் திருமூர்த்தி அணையின் 3.77 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு மண்டலத்துக்கு ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை நீர் கிடைக்கும் வகையில் முறை வைக்கப்பட்டுள்ளது. சிலருக்கு மட்டும் நிறைய என்பதற்கு மாறாக எல்லோருக்கும் கொஞ்சம் என்ற கொள்கை அது. இம்முறையில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. காங்கயம், வெள்ளகோவில் கடைமடை உழவர்கள் தம் பங்கு வந்து சேரவில்லை என்று பலமுறை போராடியுள்ளனர். முறை எழுதப்பட்டிருப்பதால்தான் அவர்களால் இன்னது எங்கள் பங்கு என்று கேட்க முடிகிறது. நிலத்தடி நீருக்கு அப்படி எழுதிய பங்கு ஏதும் இல்லை.

ஆந்திரத்தில் வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில் 2003 முதல் சில ஆண்டுகள் நடந்த உழவர் நிலத்தடி நீர் மேலாண்மைத் திட்டம் இவ்வகையில் அறியத்தக்கது. யாருக்கும் எதையும் தடை செய்யவில்லை. ஒரே வடிநிலத்தைச் சேர்ந்த சிற்றூர்களில் உழவர்களே, பெண்கள் உட்பட, மழையை அளந்தனர். கிணற்று நீர்மட்டத்தை அளந்து சுவரில் எழுதினர். பருவமழை முடிந்ததும் கூடி, கையிருப்பு இவ்வளவு, நாம் போட நினைக்கும் பயிர்களின் தேவை இவ்வளவு என்று கூட்டிக் கழித்தனர். பற்றாக்குறை கண்ணெதிரே எண்ணாக நின்றபோது, பலர் நெல்லைக் குறைத்து நீர் குறைவாகக் கேட்கும் பயிர்களுக்கு மாறினர். பல வடிநிலங்களில் இறைக்கும் அளவு குறைந்தது.

மகாராட்டிரத்தில் அகில்யாநகர் மாவட்டத்திலுள்ள இவரே பசார் என்ற சிற்றூர் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கிடையாது, கரும்பும் வாழையும் கிடையாது, கட்டற்ற மேய்ச்சல் கிடையாது என்று 1990-களில் ஊரே கட்டுப்பாடு செய்துகொண்டது. நம் ஊர்களில் அவ்வளவு கடுமையான கட்டுப்பாடு உடனே நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆந்திரத்தார் வழி நம் பக்கத்துக்கு ஏற்றது. கணக்குப் பார்ப்பதில் நம்மவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர்.

மேட்டுக்காட்டைக் காத்தல்

குளத்தைப் பற்றி மட்டும் பேசி மேட்டை மறந்தால் வேலை பாதியில் நின்றுவிடும். குளத்துக்கு வரும் நீரும் வண்டலும் மேட்டுக்காட்டிலிருந்தே வருகின்றன. மேடு மொட்டையானால் குளம் தூர்ந்து போகும்.

காங்கயம், தாராபுரம், மூலனூர், கரூர் பகுதிகளில் நம் முன்னோர் வைத்துவிட்டுப் போன கொறங்காடு வறள் நிலத்துக்கென்றே அமைந்த முறை. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி; உள்ளே கொழுக்கட்டைப் புல்; ஆங்காங்கே வெள்வேல மரம். காட்டைப் பட்டிகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்து மற்றதைப் புல் வளர விடுவார்கள். வேலி காற்றைத் தடுக்கிறது; புல்லின் வேர் மண்ணைப் பிடிக்கிறது; வெள்வேலங்காய் கோடையில் ஆடுமாட்டுக்குத் தீனியாகிறது. காங்கயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த இனம். இருவர் காட்டுக்கிடையே இரண்டு வேலிகள் நடுவில் செல்லும் இட்டேரி வண்டிப் பாதையாகவும் இருந்தது. மழைநாளில் நீர்ப் பாதையாகவும் உதவியது. பாகப்பிரிவினையில் கொறங்காடு துண்டாகும்போதும், மனையாக விற்கப்படும்போதும், இட்டேரியை இருபுறத்தாரும் ஆளுக்கு இரண்டடி உழுது சேர்த்துக்கொள்ளும்போதும் இந்த ஏற்பாடு முழுவதும் குலைகிறது. 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்கும் உரிய ஆண்டாக ஐ.நா. அறிவித்திருப்பதை இங்கே குறிப்பிடலாம்.

கௌசிகா வடிநிலத்தில் உழவில்லாமல் கிடக்கும் சரளை மேடுகளில் புல்வெளி அமைப்பது சீமைக்கருவேலுக்கு இடம் விடுவதைவிட மேலானது. ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ கொழுக்கட்டைப் புல் விதை போதும். கோ 1 நீலக் கொழுக்கட்டை ஏற்ற இரகம். மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல்மசால் விதைத்தால் தீவனத்தில் புரதம் கூடும்; மண்ணும் வளம் பெறும். முயல்மசால் விதையின் தோல் கடினமானது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி நான்கு நிமிடம் கழித்து விதைமேல் ஊற்றி, பிறகு குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவைத்து விதைத்தால் நன்கு முளைக்கும். வடகிழக்குப் பருவமழையோடு விதைக்க வேண்டும். முதல் ஆண்டு ஆடுகளை உள்ளே விடாமல் அறுத்துப் போடுவது நல்லது. சீமைக்கருவேலை அகற்றுவோர் வேரோடு எடுத்துவிட்டு அதே பருவத்தில் புல்லோ மரமோ வைத்துவிட வேண்டும். அகற்றி வெறுமனே விட்ட நிலத்திலிருந்து முதல் பெருமழையிலேயே மேல்மண் குளத்துக்குப் போய்விடும்.

உழுகின்ற காடுகளில் சரிவுக்குக் குறுக்கே கோடை உழவும், மழைக்கு முன் பகுதிப் பாத்திகளும் அவசியம். மானாவாரிச் சோளத்தை, ஒரு கிலோ விதைக்கு 350 மி.லி. வீதம், 2 சதவிகிதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி, கரிசல் காடுகளில் செப்டம்பர் மூன்றாம் வாரம் வாக்கில் மழைக்கு முன்பே விதைத்தால் முதல் மழை முழுவதும் பயிருக்குப் பயன்படும். இதை ஒருவர் மட்டும் செய்து மேலேயுள்ள காட்டுக்காரர் செய்யாவிட்டால், அங்கிருந்து திரண்டு வரும் நீர் கீழ்க்காட்டுப் பாத்திகளை உடைத்துவிடும். வரப்பு வேலை மேட்டிலிருந்து தொடங்கிக் கீழே வரவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அளப்பதிலிருந்து தொடங்குதல்

ஊருக்கு ஒரு மழைமானி வேண்டும். விலை கொடுத்து வாங்க இயலாவிட்டால், அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமுள்ள தகர டப்பாவை மரமும் கட்டடமும் மறைக்காத இடத்தில் நேராக நிறுத்தி, காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதினால் போதுமானது. பிறகு நான்கைந்து திறந்த கிணறுகளைப் பொது அளவுக் கிணறுகளாகத் தேர்ந்து, மாதத்துக்கு இருமுறை, மோட்டார் ஓடி நின்று சில மணி நேரம் ஆனபின், கல் கட்டிய கயிற்றால் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். பாழடைந்த கிணறாயிருந்தாலும் பழுதில்லை. பள்ளிப் பிள்ளைகள் இதை நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள். அளவை ஊர்ச் சாவடிச் சுவரில் எழுத வேண்டும். நோட்டில் எழுதிப் பெட்டியில் வைத்தால் பயனில்லை.

வண்டல் எடுக்க விரும்புவோர் வட்டாட்சியர் அனுமதியுடன் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2024 முதல் நடைமுறை எளிதாக்கப்பட்டுள்ளது. ஓர் ஊர்க் குளத்தில் அவரவர் விரும்பிய இடத்தில் குழி பறிக்காமல், தரை சமமாக வரும்படி ஊராரே இடம் பிரித்துக் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊர்க் கணக்கு முடிந்தபின் பள்ளக் கணக்கு. இடிகரை முதல் வஞ்சிபாளையம் வரையிலுள்ள ஊராட்சிகள் ஆண்டுக்கு இருமுறை தம் ஊருக்கு இருவரை அனுப்பி ஓரிடத்தில் கூட்டினால், எந்தக் குளம் நிரம்பியது, எங்கே நீர்வழி அடைபட்டுள்ளது, அடுத்த தடுப்பணை எந்த ஊருக்குத் தேவை என்பதை மாவட்ட எல்லையைப் பொருட்படுத்தாமல் பேசலாம். புதிய தடுப்பணைக்கு மேலூர் மனுக் கொடுக்கும்போது கீழூரின் இசைவும் அதோடு சேர்ந்திருந்தால் அலுவலர்களுக்கும் வேலை எளிதாகும்.

கிராம சபை கூடும் நாட்களில் அக்டோபர் 2-ஆம் நாள் வடகிழக்கு மழைக்குச் சற்று முன்பும், ஜனவரி 26-ஆம் நாள் அம்மழை முடிந்த பின்பும் வருவது நமக்கு வசதி. அக்டோபரில் நீர்வழிகளின் நிலையையும், ஜனவரியில் மழை அளவு, கிணற்று மட்டம், குளத்தின் இருப்பு, கோடைப் பயிர்த் தேவை ஆகியவற்றையும் சபையில் படிக்கலாம். ஜனவரிக் கணக்குக்கு முந்திய மழை அளவுகள் வேண்டியிருப்பதால், மழைமானியும் அளவுக் கிணறுகளும் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் தயாராகிவிட வேண்டும்.